மெம்பர் வெங்கடேசப்பாவின் பிள்ளைகள்

மைக்கை வாயால் ஊதிப் பார்க்கும் ஓசை எங்கே கேட்டாலும் எனக்குப் பசி எடுக்கிறது. மற்றவர்களுக்குக் கல்யாணப் பந்தலோ கட்சிக் கூட்டமோ நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது ராகிக் களியின் ஆவி, பால் கேன்கள் முட்டிக்கொள்ளும் தகரச் சத்தம், பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிற ஒரு வானம். போன வாரம் எங்கள் தெருமுனையில் எவனோ ஊதினான். நான் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். இருந்தாலும் ஓசூரை அடுத்த பாகலூருக்கு அந்தப் பக்கத்துப் பசி வந்துவிட்டது.

அங்கே நான் போனது கவிதை தேடி அல்ல. அக்கா அனுப்பினாள். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. அக்கா மகன் செழியன் மன்னார்குடியிலிருந்து ஓசூருக்குப் போய் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர்க்காரன் ஒருவன் வந்து, செழியன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாகலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் மைக்கில் பேசுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் மைக்கில் பேசியவர் பெரியப்பா ஒருவர்தான். அவர் பேசி முடித்தபோது குடும்பத்துக்கு நிலம் இல்லை.

"கட்சியில சேந்துட்டானான்னு பாத்துட்டு வாடா" என்றாள் அக்கா. "சேந்திருந்தா எந்தக் கட்சின்னும் பாத்துட்டு வா."

நான் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. சிற்றிதழ்களில் வசன கவிதை எழுதுகிறவன். லீவு போட்டால் வங்கியும் வருந்தாது, எழுதாவிட்டால் இலக்கியமும் வருந்தாது. அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும்.

*

முதல் நாள் பயணம் குந்தாரப்பள்ளியில் முடிந்துவிடும் போலிருந்தது. அன்று சந்தை. நெடுஞ்சாலை மாடுகளின் பெயரில் பட்டா ஆகியிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். மாட்டை விரட்டத்தான் இறங்குகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு செவலையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். பிறகு அதன் வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தரகரோடு துண்டுக்கு அடியில் கைகோத்து நின்றார். துண்டுக்குள் விரல்கள் என்ன விலை பேசின என்று தெரியாது. மேலே இரண்டு முகங்களும் கோயில் சிலை மாதிரி இருந்தன.

"அவரு மாட்டுக்கு ரெண்டு மாசமா ஜோடி தேடிக்கினு இருக்காரு" என்றார் நடத்துநர், மணமகன் வீட்டார் குரலில். "எறங்கி டீ குடிச்சிட்டு வாங்க. படிஞ்சா லேட்டாவும். படியலன்னா இன்னும் லேட்டாவும், கோவத்துல மெதுவாத்தான் ஓட்டுவாரு."

எங்கள் ஊரில் ஓட்டுநர் வெற்றிலை போட இறங்கினாலே பயணிகள் மனு எழுதுவார்கள். இங்கே பாதிப் பஸ் இறங்கிப் போய்ச் செவலையைப் பற்றிக் கருத்துச் சொன்னது. எனக்கும் கருத்து இருந்தது. யாரும் கேட்கவில்லை. மிளகாய் பஜ்ஜி தின்றேன். அது வாயில் வைத்தபின் என்னைக் கேட்காமலே தன் கருத்தைச் சொன்னது.

ஓசூர் பஸ் நிலையத்தில் தமிழ்நாடே ஒரே நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. கண்ணை மூடினால் ஒரு காதில் திருநெல்வேலி, இன்னொரு காதில் மதுரை, முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானம் ஆனார்கள். எல்லோர் வாயிலும் ஷிப்டு, ஓ.டி., கேன்டீன், சூப்பர்வைசர். இந்த நாலு சொல் தெரிந்தால் இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம். மீதிச் சொற்களுக்கு அவரவர் தாய்மொழி போதும்.

மறுநாள் காலை பாகலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் தூங்கிவிட்டேன். விழித்தபோது கடைப் பலகை எழுத்துகள் எல்லாம் ஜாங்கிரி மாதிரி சுருண்டிருந்தன. கர்நாடகம். கடவுச்சீட்டு கேட்காத வெளிநாடு. இறங்கி ஒரு டீக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு டீயை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்தது. கூட ஆள் இல்லையே என்று நான் விழித்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சுக்காரர் தானாகவே என் டீயில் பாதியை ஊற்றி எடுத்துக்கொண்டார். பிறகு நான் போகும் ஊரைக் கேட்டுவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். கடைக்காரர் மொழிபெயர்த்தார்: "பாதி டீ குடிச்சவன் சொல்றேன், நீங்க எறங்க வேண்டிய ஊரு பின்னாடி போயிடுச்சு, அப்டிங்கறாரு."

திரும்பி வந்தது தக்காளி டெம்போவில். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதை மூன்று மொழிக்காரர்களும் மூன்று விதமாக எழுதுகிறார்கள், எந்தக் கட்சியிலும் சேர விரும்பாமல் நான் இங்கே எழுதாமல் விடுகிறேன். டிரைவர் தலையை ஆட்டினார்.

"மைக் ஊருன்னு சொல்லுங்களேன். அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேரு."

*

அந்த ஊரில் பஞ்சாயத்து ரேடியோ அறை என்று ஒன்று இருந்தது. எல்லா ஊரிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். சதுரமாக ஓர் அறை, கூரைமேல் கூம்பு ஒலிபெருக்கி, உள்ளே செத்துப்போன ரேடியோ. மற்ற ஊர்களில் அதில் ஆடு கட்டினார்கள், சீட்டு ஆடினார்கள். இங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டியது. திரை கொஞ்சம் பச்சையாக இருக்கும். பக்கத்துச் சுவரில் எஸ்டிடி பூத். அந்தப் போன் வயரைச் சன்னல் வழியாக இழுத்து இதற்குள் சொருகினால் இண்டர்நெட். பூத்துக்காரர் மனைவி மாலூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டால் இண்டர்நெட் இல்லை. அக்காவும் தங்கையும் சமாதானமாக இருக்கும் வாரங்களில் ஊரில் வேலைவாய்ப்புக் குறையும் என்றான் செழியன்.

என்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, "அம்மா அனுப்புனுச்சா மாமா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"எந்தக் கட்சின்னு கேக்கச் சொல்லிச்சா?"

பிள்ளை தெளிவாகத்தான் இருந்தான். கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு முடித்து, பாகலூரில் வாடகை அறையில் தூங்கி, விடுமுறை நாளில் இங்கே வந்துவிடுகிறான். சங்கம் என்று பெயர் இல்லை, தலைவர் இல்லை, போர்டு கூட இல்லை. "போர்டு எழுதணும்னா எந்த மொழிய மேல போடறதுன்னு சண்டை வரும் மாமா, அதான் மைக்கோட நிறுத்திக்கிட்டோம்."

நடைமுறை இதுதான். படித்த பிள்ளைகள் எல்லாம் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்புவது ஒரே ஒரு ஈமெயில் முகவரியிலிருந்து. ஊருக்கே ஒரு முகவரி. ஞாயிறு விடிந்ததும், பூத்துக்காரர் மனைவி எழுவதற்குள், அந்தப் பெட்டியைத் திறப்பார்கள். வந்த சேதி அத்தனையும், யாருக்கு வந்தது, என்ன வந்தது என்று, பால் சொசைட்டியில் கூட்டம் சேரும் நேரத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்க நாள், கிராம சபை எப்போது, தெருவிளக்கு எப்போது, எல்லாம் அதே மைக்கில்.

ஒருத்தருக்கு வந்த கடுதாசியை ஊருக்கே வாசிப்பதா என்று கேட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருவனுக்கு இண்டர்வியூ கார்டு தபாலில் வந்தது. தபாலை வாங்கி வைத்த சிநேகிதன் அதைச் சொல்லாமல் தானே போய் வந்துவிட்டான். இரண்டு தெருவும் வெட்டுக்குத்து அளவுக்குப் போனது. அன்றைக்கு வார்டு மெம்பர் வெங்கடேசப்பா இந்த அறை வாசலில் நின்று ஒரு சட்டம் போட்டார்: வேலை சேதி எவன் பாக்கெட்லயும் இருக்கக் கூடாது. ஊரில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான், மீறப்படாததும் அது ஒன்றுதான்.

செழியன் தமிழில் வாசிப்பான். கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்வது நாகவேணி. டிப்ளமா முடித்த பெண். மெம்பர் வெங்கடேசப்பாவின் மகள். நான் போனபோது பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் யாருக்கோ விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவரு எங்க மாமா, கவிதை எழுதுவாரு" என்றான் செழியன்.

"அப்டிங்களா" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அனுபவம் எத்தன வருஷம் சார்?"

"இருபது இருக்கும்" என்றேன்.

"பெர்மனன்ட் ஆவலியா?"

அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. களி, அவரைக்கொட்டைக் குழம்பு. களியை மெல்லக் கூடாதாம், உருட்டி விழுங்க வேண்டுமாம். தஞ்சாவூர்ச் சீமைக்காரன் ஒரு பருக்கையைக் கூட விசாரிக்காமல் உள்ளே அனுப்ப மாட்டான். நான் மென்றேன். வெங்கடேசப்பா எதிரில் உட்கார்ந்து அதைத் துயரத்தோடு பார்த்தார். மாந்தோப்பும் போர்வெல்லும் உள்ளவர், வெள்ளைச் சட்டை, வாய் திறந்தால் மூன்று மொழியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வரும்.

"இந்த ஊர்ல கம்பெனிக்குப் போன பசங்க எத்தன பேரு தெரியுங்களா சார்? எல்லா அப்ளிகேஷனும் எங்கிட்ட வந்துதான் போகும். ஜாதி சர்ட்டிபிகேட்டா, ரேஷன் கார்டா, மெம்பர் பேரு அடியில இல்லாம ஒரு காகிதம் இந்த ஊரத் தாண்டாது."

"உங்க பொண்ணு வேலைக்குப் போகலியா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அவளுக்கு எதுக்கு வேல" என்றார். "மெம்பர் வீட்டுப் பொண்ணு கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்ல நிக்கறதா. கூலிக்காரங்க வீட்டுப் புள்ளைங்க போகட்டும், முன்னேறட்டும். நான்தான் அனுப்பறன்."

நான் இன்னொரு கவளம் மென்றேன். விழுங்கப் பழகியிருந்தால் வாய் பேசக் காலியாக இருந்திருக்கும்.

*

மறுநாள் ஞாயிறு விடியலில் செழியன் வயரைச் சொருகினான். மோடம் கோழியை உயிரோடு உரிப்பது போல் அலறியது. பெட்டி திறந்தது. ஓசூர் கம்பெனி ஒன்றில் இருவருக்கு அப்ரென்டிஸ். பூனப்பள்ளிப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒருவருக்கு வேலை இல்லை என்று பதில். மூன்றாவது சேதி, எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர் ரோட்டில் உள்ள ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து. வியாழக்கிழமையே வந்து கிடந்திருக்கிறது. செழியன் படித்தான், திரும்பப் படித்தான், பிறகு திரையை உடம்பால் மறைத்தான். மறைத்து என்ன, நாகவேணி பின்னால்தான் நின்றாள்.

அதன் சாரம் இது. நாகவேணிக்குத் திங்கட்கிழமை காலை நேர்முகம். தேர்வானால் தங்க ஹாஸ்டல் உண்டு. ஆனால் ஒரு சங்கடம். உங்கள் முகவரியிலிருந்து இதுவரை வந்துள்ள முப்பத்துச் சொச்சம் விண்ணப்பங்களிலும் தந்தை பெயர் வெங்கடேசப்பா என்றே இருக்கிறது. ஆகவே நாகவேணி தம் தந்தையாரை அடையாளச் சான்றுடன் நேரில் அழைத்து வரவும். அவர் வந்து விளக்கும் வரை மற்ற விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

நடந்தது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தக் கம்ப்யூட்டரில் முதன்முதலில் தட்டப்பட்ட விண்ணப்பம் நாகவேணியுடையது, பழகுவதற்காக. பிறகு வந்தவர்கள் எல்லாம் அதையே திறந்து, பெயரை மாற்றி, படிப்பை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா பெயரை ஒருவரும் தொடவில்லை. பொழுதுபோக்கையும் தொடவில்லை. அந்த ஊரில் முப்பத்துச் சொச்சம் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கோலம் போடுவதில் ஆர்வம் உள்ளவர்கள்.

"நீ எப்பம்மா இதுக்கு எழுதிப் போட்ட?" என்றான் செழியன்.

"நீங்க எல்லாருக்கும் போட்டீங்கல்ல, அதோட ஒண்ணா."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

செழியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இத மைக்ல வாசிக்க வேணாம். நான் போய் மெம்பர்கிட்ட தனியாப் பேசுறேன்."

"தனியாப் பேசினா தனியாவே முடிஞ்சிடும்ணா."

"வாசிச்சா உடனே முடிஞ்சிடும். சொசைட்டி வாசல்லயே நிக்கிறாரு."

"கரண்ட் இல்லைன்னு சொல்லிடலாமே" என்றேன் நான். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் எந்தக் கட்சியும் அல்ல என்பது எனக்கே உறுதியாயிற்று.

நாகவேணி துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "இது எங்க நைனா போட்ட சட்டந்தானே. மத்தவங்களுக்கு வந்தா படிக்கணும், எனக்கு வந்தா மறைக்கணுமா? ஊரு முன்னாடி இல்லன்னு சொல்ல அவருக்கு வராது. வீட்டுக்குள்ளன்னா நல்லா வரும். அதான் சொல்றன்."

மைக்கை அவளே எடுத்து ஊதினாள்.

நான் வாசலுக்கு வந்தேன். எதிரே பால் சொசைட்டி. கேனும் சொம்புமாக வரிசை. வெங்கடேசப்பா நடுவில் நின்று யாருக்கோ பஞ்சாயத்துக் குழாய் விவகாரம் விளக்கிக்கொண்டிருந்தார். அப்ரென்டிஸ் சேதி வந்தபோது ஒரு தாய் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். இல்லை என்ற பதில் வந்தபோது நாலு பேர் "விட்றா, அடுத்தது" என்றார்கள். பிறகு நாகவேணி தன் சேதியைத் தமிழில் வாசித்தாள். செய்தி வாசிப்பவளின் நேர்த்தியோடு, தன் பெயரை யாரோ ஒருத்தியின் பெயர் போல. கன்னடத்தில் வாசித்தாள். கடைசியாகத் தெலுங்கு. அது அவர்கள் வீட்டு மொழி. அதுவரை தந்தையார் என்று சொல்லிவந்தவள் அங்கே மட்டும் "மா நாயனா", எங்கள் அப்பா, என்றாள்.

வரிசையிலிருந்து முனியம்மா பேசினாள். ஐம்பது வயதிருக்கும், களை வெட்டுகிறவள், அவள் மகள் ஏற்கெனவே ஒரு கம்பெனியில் இருக்கிறாள்.

"என்னா மெம்பரே, எங்க எல்லாத்து புள்ளைங்களுக்கும் நீதான் அப்பனாமே. சொல்லவே இல்ல?"

சொசைட்டியே சிரித்தது. பால் அளக்கிறவன் அளவை விட்டுவிட்டுச் சிரித்தான். "உனக்கென்னய்யா, பொண்ணு பெங்களூருக்குப் போவுது" என்று ஒருவர் அவர் தோளைத் தட்டினார். "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?" என்று இன்னொருவர் கேட்டார். போகவே மாட்டார் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை, அல்லது வராத மாதிரி எல்லோரும் சேர்ந்து நடந்துகொண்டார்கள். வெங்கடேசப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய் திறந்தார். மூன்று மொழியில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பால் கேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

*

மதியத்துக்கு மேல் அறைக்கு வந்தார். மகள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவளைப் பார்க்காமல், பெஞ்சில் என் எதிரே உட்கார்ந்தார்.

"சார், நீங்க பேங்க்ல இருக்கறவரு, ஒரு நாயம் கேக்கறன். அந்தப் பொண்ணக் கேளுங்க, அப்பனுக்குத் தெரியாம வேலைக்கு எழுதிப் போட்றது எந்த ஊரு பழக்கம்?"

நான் திரும்பினேன். இரண்டடி தூரம்தான், அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"அவருக்குத் தெரியாம இல்லன்னு சொல்லுங்க சார். அப்ளிகேஷன்ல அவரு பேரு இருக்குது."

"ஊர்ல எல்லாத்து அப்ளிகேஷன்லயுந்தான் எம் பேரு இருக்குது."

"அவங்கள எல்லாம் அனுப்பினாரில்ல, அதக் கேளுங்க."

"அது வேற."

"என்னா வேறன்னு கேளுங்க சார்."

"என்ன வேற?" என்று கேட்டேன். அந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். மொழி தெரிந்த இருவருக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்தது. அவர் டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார். அது எரியவில்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்.

"ஹாஸ்டல்ல என்னா போடறாங்கோன்னு கேளுங்க."

"சோறு, சாம்பாரு, ராத்திரிக்கு சப்பாத்தி."

"களி?"

"இல்லியாம்."

"அப்புறம் எப்டி இருப்பா?" இது எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, லைட்டுக்கு.

அப்போது ஊர்ப் பையன்கள் கும்பலாக உள்ளே நுழைந்தார்கள். முன்னால் மாதேஷ், ஐடிஐ படித்தவன். "மெம்பரே, நாளைக்கு நீங்க போகலன்னா எங்க அத்தன பேரையும் திருட்டுப் பசங்கன்னு தள்ளிடுவாங்க."

கோபத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்ததில் வெங்கடேசப்பா முகம் தெளிந்தது. "அப்பன் பேரு கேட்டா உங்க அப்பன் பேரப் போடணும்னு தெரியாதாடா? படிச்ச முண்டங்களா."

"தெரியும்ங்க" என்றான் மாதேஷ். "எங்க அப்பா பேரு மாரப்பா. அந்தப் பேரப் பாத்து இதுவரைக்கும் எவன் என்னா குடுத்தான்? உங்க பேரு அடியில இருந்தாத்தான் காகிதம் நகரும்னு நீங்கதான சொன்னீங்க. மேலயும் இருக்கட்டும்னு விட்டுட்டன்."

பின்னால் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். வெங்கடேசப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டு ஒன்று வாய்வரை வந்து திரும்பிப் போனது தெரிந்தது.

"போய் உங்க அப்பன் பேரப் போட்டு எல்லாத்தையும் மறுபடியும் அடிங்கடா" என்று எழுந்தார். "இன்னிக்கே. நாளைக்கு கையில எடுத்துனு போறவன் நானு, சும்மாவா போவன்?"

அன்று இருட்டும் வரை அந்த அறையில் அப்பா பெயர்கள் திருத்தப்பட்டன. மாரப்பா, முனுசாமி, பசப்பா, சின்னபையன். ஒவ்வொருவனும் தன் அப்பா பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல, நாகவேணி தட்டினாள். காகிதம் அச்சடிக்கிற எந்திரம் நடுவில் மக்கர் செய்தது, பூத்துக்காரர் மனைவி மாலூருக்குப் போன் போட்டாள், நான் என் பங்குக்கு ஒரு பையனின் பொழுதுபோக்கைக் கோலத்திலிருந்து கபடிக்கு மாற்றினேன். அவன் வேண்டாம் என்றான். கோலம்தான் வரும் என்றான்.

மகளோடு அவர் பேசவில்லை. சாப்பிடும்போதும் என்னிடம்தான் சொன்னார்: "அவளக் கேளுங்க, எந்தச் சட்ட போட்டுக்கறதுன்னு. வெள்ளையா, கோடு போட்டதா."

"வெள்ளையே போடச் சொல்லுங்க சார்" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

*

திங்கட்கிழமை காலை. சாலை ஓரத்தில் புளியமரம், அதன் அடியில் நாங்கள் நால்வர். எனக்கு ஓசூர் பக்கம் பஸ், அவர்களுக்கு எதிர்ப்பக்கம். எதிரே நீலச் சட்டைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றார்கள். முனியம்மா மகளும் நின்றாள். மெம்பரைப் பார்த்ததும் அவர்கள் நின்ற விதத்தில் ஒரு சின்ன ஒழுங்கு வந்தது. அவரும் அவர்களோடு அதே சாலையில்தான் நிற்கிறார் என்பது அவருக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, அடிக்கடி துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க மாமா?" என்றான் செழியன்.

"அவன் வாசிக்கறான், பேசலைன்னு சொல்றேன்."

"நம்பாது."

"அப்ப மூணு கட்சின்னு சொல்றேன். குழம்பிக்கிட்டு விட்டுடும்."

வெங்கடேசப்பா கையில் பெரிய காக்கி உறை. உள்ளே ரேஷன் கார்டு, ஓட்டர் அட்டை, முப்பத்துச் சொச்சம் புது விண்ணப்பங்கள். மகள் நாலடி தள்ளி நின்றாள். நேற்றுக் காலையிலிருந்து அவர் அவள் முகம் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. கம்பெனிக்குப் போனபிறகும் இப்படித்தான் பேசுவாரா, அங்கே நான் இருக்க மாட்டேனே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"அங்க கேட்டா என்னன்னு சொல்லப் போறீங்க?" என்றேன்.

"என்னா சொல்றது. பேருதான் குடுத்தன், நெலமா குடுத்தன்? எடுத்துக்கட்டும்னு சொல்லுவன்." சற்று யோசித்தார். "இவளப் பத்திக் கேட்டாத்தான் சார்."

"இவளப் பத்தி?"

"என்னா பதில் சொல்றதுன்னு அவளக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. நாகவேணியும் சாலையைப் பார்த்தபடியே இருந்தாள். தூரத்தில் அவர்கள் பஸ் தெரிந்தது. செழியன் கை காட்டினான். பஸ் எங்களைத் தாண்டிப் போய், மனசு மாறியது போல் கொஞ்ச தூரத்தில் நின்றது. அப்பாவும் மகளும் ஓடினார்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால், அவள் பின்னால். நானும் பெட்டியோடு பின்னால் ஓடினேன், ஏன் என்று தெரியாது, எனக்கு அந்தப் பஸ் அல்ல.

அவர் ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்றில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். ஆனால் உட்காரவில்லை. இருக்கைக்கும் வழிக்கும் நடுவில், காக்கி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நடத்துநர் விசில் ஊதினார். அவள் படியேறி வந்து அவர் முன்னால் நின்றாள். இருவருக்கும் நடுவில் ஆள் இல்லை. அவர் சன்னல் வழியாகக் கீழே என்னைத் தேடினார். நான் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

பஸ் நகர்ந்தது. சன்னல் தாண்டிப் போகும்போது அவர் குரல் கேட்டது, தமிழில், கொஞ்சம் கோபமாகக்கூட.

"ஏம்மா நாகா, நீ ஜன்னல் பக்கம் உக்காரு. எனக்கு காத்து ஆவாது."